விரல் கோப்பைக்குள் புகுந்துபோவது டிராக்கிங் கோளாறா?

வணக்கம் நண்பரே. உங்கள் விஆர் (மெய்நிகர் உலகம்) பயிற்சியில் வெறும் கையால் திரையில் தெரியும் கோப்பையை எடுக்கும்போது விரல்கள் உள்ளே புகுந்துவிடுகின்றன, ஆட்களும் கையை அளவுக்கு மீறி விரித்து, தயங்கித் தயங்கி மூடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். டிராக்கிங் (கேமரா கை அசைவைப் பின்தொடர்வது) அமைப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். தொட்டுவிட்டோம் என்ற செய்தி விரல் நுனியிலிருந்து வரவில்லை, அதுதான் காரணம்.

நிஜ டம்ளர் லேசாக நழுவினால் சுமார் 0.1 நொடிக்குள், நாம் யோசிக்கும் முன்பே, பிடி தானாக இறுகிவிடும். ஸ்வீடனின் நரம்பியல் ஆய்வாளர் ரோலண்ட் யோஹான்சன் விரல் நுனிகளை மரக்கச் செய்து தீக்குச்சி கொளுத்தச் சொன்ன சோதனையின் வீடியோவைத் தேடிப் பாருங்கள். கண் எல்லாவற்றையும் பார்க்கிறது, ஆனாலும் ஒரு குச்சியை எடுக்கக் கை அப்படித் தடுமாறும்! உங்கள் ஆட்களின் நிலையும் கிட்டத்தட்ட அதுதான்.

முதலில், செலவில்லாத வேலை: நிஜக் கை உள்ளே போனாலும் திரையில் தெரியும் கையைக் கோப்பையின் பரப்பிலேயே நிறுத்துங்கள், கூடவே சின்னதாக ஒரு ‘டக்’ ஒலி. அப்புறம் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் குட்டி அதிர்வு மோட்டார். தொடும் கணத்தில் மட்டும் அதிரட்டும். தொடர்ந்து விட்டால் தோலுக்குப் பழகிப்போகும். தோல் 250 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 250 முறை) வாக்கில் அதிர்வை மிக நன்றாக உணரும். மோட்டாரை நகத்தின் மேல் ஒட்டுங்கள். தடித்த கையுறை போட்டால் கேமராவுக்கு விரல் சரியாகத் தெரியாது.

பயிற்சி ஒரே மேசையில்தான் என்றால், அதே அளவுள்ள நிஜக் கோப்பையை அதே இடத்தில் வைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் இதற்கு ஈடே இல்லை.