சுண்டல் வண்டி விளக்கு ஏன் ஓயமாட்டேன் என்கிறது?

அன்புள்ள சார்,

மெரினாவை வைத்து நண்பர்களுடன் ஒரு கேம் செய்கிறேன். சுண்டல் வண்டியில் தொங்கும் விளக்கு, யாரும் தொடாமலே மேலும் மேலும் வீசி ஆடியது. அசைவைக் கணக்கிடும் முறையைச் சாதாரண ஆய்லரிலிருந்து இம்ப்ளிசிட் ஆய்லருக்கு மாற்றினேன். இப்போது சட்டென்று ஓய்ந்துவிடுகிறது. "ஆற்றல் கணக்கையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், வேளச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

கணக்கை யாரும் பார்க்கமாட்டார்கள். விளக்கைப் பார்ப்பார்கள், அதில் கணக்கு தெரிந்துவிடும்.

விளக்கு வினாடிக்கு ஏறக்குறைய ஒருமுறை ஆடுகிறது, கேம் வினாடிக்கு 60 ஃபிரேமில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஆய்லர் முறையில் (இப்போதைய விசையையும் திசைவேகத்தையும் வைத்தே அடுத்த ஃபிரேமைக் கணிப்பது) ஃபிரேமுக்குச் சுமார் 1.1 சதவீதம் ஆற்றல் கூடும். கூட்டு வட்டி மாதிரி அது ஒரே வினாடியில் சுமார் 1.9 மடங்காகிவிடும். இம்ப்ளிசிட் முறையில் (அடுத்த ஃபிரேமின் விசையையும் திசைவேகத்தையும் வைத்துக் கணிப்பது) இதே கணக்கு தலைகீழ்: ஒரு வினாடியில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும். 30 ஃபிரேமில் திணறும் போனிலோ மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. விளக்கு எப்போது ஓய வேண்டும் என்பதைப் போனின் வேகம் முடிவு செய்வதை என்னால் ஏற்கவே முடியாது. அது உங்கள் முடிவாக இருக்க வேண்டும்.

விளக்குக்கு வழி சுலபம். முதலில் திசைவேகத்தைப் புதுப்பியுங்கள், அப்புறம் அந்தப் புதிய திசைவேகத்தை வைத்து இடத்தை நகர்த்துங்கள். சிம்ப்ளெக்டிக் ஆய்லர் என்பது இவ்வளவுதான். ஆற்றல் சற்று ஏறி இறங்கும், கைமீறிப் போகாது. உள்விசைகளால் உந்தமும் கோண உந்தமும் மாறவே மாறாது. இம்ப்ளிசிட் ஆய்லரில் கோண உந்தமும் கசியும். சுழற்றி எறிந்த துணியின் சுழற்சி காரணமில்லாமல் மந்தமாவது அதனால்தான்.

சரி, துணிக்கும் இதையே போடலாமா? அங்கேதான் சிக்கல். துணியை ஸ்பிரிங்குகளால் கோத்த வலை மாதிரி கணக்கிடுவார்கள். 60 ஃபிரேமில், வினாடிக்குச் சுமார் 19 தடவைக்கு மேல் அதிரும் விறைப்பான ஸ்பிரிங் இருந்தால் சிம்ப்ளெக்டிக் ஆய்லரில் கணக்கு கட்டுமீறி வெடித்துவிடும். 1998-இல் கணினி வரைகலை ஆய்வாளர்கள் பராஃபும் விட்கினும் துணிக்கு இம்ப்ளிசிட் முறையைக் கையிலெடுத்தது இந்த விறைப்பைச் சமாளிக்கத்தான். 2018-இல் டினெவ், கவன் குழுவினர் இன்னொரு வழி சொன்னார்கள்: எந்த முறையிலும் ஓர் அடி எடுத்து வையுங்கள், பிறகு இடத்தையும் திசைவேகத்தையும் முடிந்தவரை குறைவாகத் திருத்தி, ஆற்றலையும் உந்தத்தையும் உரிய அளவுக்குக் கொண்டுவாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். டாம்பிங்கை (அசைவைத் தணிக்கும் விசையை) பூஜ்யமாக்கி, மொத்த ஆற்றலைத் திரை மூலையில் எண்ணாகக் காட்டி ஓடவிடுங்கள். அந்த எண் ஓர் அளவைச் சுற்றியே நின்றால், கடற்காற்றுக்கு எவ்வளவு டாம்பிங் வேண்டுமோ அதை அதன்மேல் சேருங்கள்.