இம்பெக்கபிள்: எங்கே பொருந்தும், எங்கே இடிக்கும்?

பையருக்குப் போகும் மெயிலில் "குவாலிட்டி இஸ் இம்பெக்கபிள்" என்று போடலாங்களா? (மெர்ச்சண்டைசர், திருப்பூர்)

இலக்கணத்தில் தப்பில்லை, வியாபாரத்துக்குத்தான் ஆகாது. இந்தச் சொல்லுக்கு 'ரொம்ப நல்ல' என்று பொருள் இல்லை. 'தேடிப் பார்த்தும் ஒரு குறையும் அகப்படாத' என்று பொருள். உங்கள் சரக்கு ஏக்யூஎல் 2.5 (எவ்வளவு குறைவரை ஏற்கலாம் என்ற தர வரம்பு) கணக்கில் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஜெனரல் லெவல் இரண்டு என்ற சோதனை அளவின்படி, 3,000 பீஸ் லாட்டில் 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் மேஜர் டிஃபெக்ட் (பெரிய குறை) 7 வரை இருந்தாலும் லாட் பாஸ். 8 ஆனால் ஃபெயில். அதாவது, பாஸான சரக்கிலும் குறை இருக்கும் என்று அந்த முறையே ஒப்புக்கொள்கிறது. அதன்மேல் இம்பெக்கபிள் என்று முத்திரை குத்தினால், பின்னால் நஷ்டஈடு கேட்டு கிளெய்ம் வரும்போது பையர் உங்கள் மெயிலையே எடுத்து நீட்டுவார்.

பேசாமல் எண்ணை எழுதுங்கள்: ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் எந்தத் தேதி, எத்தனை பீஸ் பார்த்தது, மேஜர் எத்தனை, மைனர் எத்தனை. அதைப் படித்துவிட்டு பையர் இம்பெக்கபிள் என்று பதில் போட்டால்தான் அதற்கு மதிப்பு. தன் சரக்கைத் தானே இப்படிப் புகழ்வது ஆங்கிலக் காதுக்கும் தம்பட்டமாகத்தான் கேட்கும். டெலிவரி ரெக்கார்டுக்கு வேண்டுமானால் போடலாம், அதுவும் ஒரு ஷிப்மெண்ட்கூடத் தாமதமாகாமல் இருந்தால் மட்டும்.

உச்சரித்தால் வகுப்பில் சிரிக்கிறார்கள். எங்கே தப்பு? (கல்லூரி மாணவி, ஈரோடு)

மூன்று இடத்தில் இருக்கலாம். தமிழில் 'ம்' பக்கத்தில் வரும் 'ப' தானாகவே மெலிந்துவிடும். 'கம்பு' என்று சொல்லிப் பாருங்கள், பஸ்ஸில் வரும் பி ஒலிதான் கேட்கும். இந்தச் சொல்லில் முதலில் வருவது பேனாவின் பி, உதடு வெடித்துத் திறக்க வேண்டும். அடுத்தது, எழுத்தில் சி இரண்டு இருந்தாலும் ஒலியில் ஒரே க். அக்காவில் அழுத்துவதுபோல நிறுத்தக் கூடாது. மூன்றாவது, அழுத்தம் இரண்டாவது அசையான 'பெ'யில். முதல் அசையில் ஊன்றினால் கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாது. கடைசிப் பகுதியை 'ஏபிள்' என்று நீட்டாமல் 'அபிள்' என்று தளர்த்தி விடுங்கள். ஸ்பெல்லிங்கில் பேனாவின் பி ஒன்றுதான், சி மட்டும் இரண்டு.

சிபாரிசுக் கடிதத்தில் "வெரி இம்பெக்கபிள் ஸ்டூடன்ட்" என்று எழுதியிருக்கிறேன். சரிங்களா? (ஆசிரியர், கோபி)

இரண்டு திருத்தம். குறையின்மைக்கு மேல் படி கிடையாது, அதனால் வெரி, மோர், மோஸ்ட் எதுவும் ஒட்டாது. அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் 'அப்சல்யூட்லி' பொருந்தும். அடுத்து, ஆளை மொத்தமாக இப்படி அழைப்பதைவிட அவரிடம் உள்ள ஒன்றைச் சொல்வதே ஆங்கில வழக்கு: மேனர்ஸ், டேஸ்ட், கிரெடென்ஷியல்ஸ், அட்டெண்டென்ஸ். காரணம் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. பாவம் செய்வதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் 'பாவம் செய்ய இயலாத' என்ற சமயப் பொருளில் ஆங்கிலத்துக்கு வந்தது. சிறு தவறைக் குறிக்கும் 'பெக்கடில்லோ'வும் அதே வேர்தான். அந்த வாசனையால் நடத்தையோடு இன்றும் நன்றாகச் சேர்கிறது.

பிற மாணவர்களுக்கு முன்மாதிரி என்பதுதான் உங்கள் கருத்தென்றால் 'எக்ஸெம்பிளரி காண்டக்ட்' போதும். ஆனால் 'எக்ஸெம்பிளரி பனிஷ்மெண்ட்' பாராட்டு அல்ல. மற்றவர்கள் பயப்படும்படி கொடுக்கிற தண்டனை.

இம்மாக்குலேட், கான்சமேட் இரண்டையும் இதற்குப் பதிலாகப் போடலாமா? (போட்டித் தேர்வு எழுதுபவர், கோவை)

கோடிட்ட இடத்துக்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். வெள்ளைச் சட்டை, சமையலறை, கார் என்று கண்ணுக்குத் தெரியும் சுத்தமானால் இம்மாக்குலேட். அதன் வேர் 'கறை'. கைத்திறன் ஊறிய ஆளானால் கான்சமேட்: கான்சமேட் புரஃபெஷனல். இதில் நல்லது கெட்டது என்ற பேதமில்லை, கான்சமேட் லையர் என்றும் உண்டு. பெயரடையாக வரும்போது கடைசி அசையை 'மட்' போலச் சுருக்குங்கள். 'மேட்' என்று நீட்டினால் அது வினைச்சொல். திருமணத்தோடு சேர்ந்தால் தாம்பத்திய உறவைக் குறிக்கும். மேடையில் கவனம்.

பள்ளிபாளையம் சிக்கனை இம்பெக்கபிள் என்று ரிவ்யூ எழுதலாமா? (நாமக்கல்)

எழுதலாம், ஆனால் பரிசோதகர் கையெழுத்துப் போட்டதுபோல இருக்கும், நாக்கு ருசித்தது தெரியாது. சாப்பாட்டுக்கு 'சூப்பர்ப்' இருக்கட்டும். பரிமாறிய விதத்துக்கு, சர்வீஸுக்கு, இம்பெக்கபிள் கச்சிதம்.

வீடியோ காலில் மோட்டாரை ஓட்டிக் காட்டப் போகும்போது கரண்ட் போய்விட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளர் "இம்பெக்கபிள் டைமிங்!" என்றார். பாராட்டுங்களா? (பம்ப் உற்பத்தியாளர், கோவை)

இல்லீங்க, கேலி. டைமிங் என்ற சொல்லோடு மட்டும் இது அடிக்கடி தலைகீழாக வரும். நடந்தது நல்லதா கெட்டதா என்று பார்த்தால் விளங்கிவிடும். கோபத்தில் சொல்வதும் இல்லை. 'தேங்க் யூ' சொல்லி வைக்காமல், கூடவே சிரித்துவிட்டு ஜெனரேட்டரைப் போடச் சொல்லுங்கள்.