மூன்று பிரதி, ஒரே பெட்டிக்குள்ளா?

சிங்கப்பூர் ஊபியில் சரக்கு அனுப்பும் அலுவலகம் வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: “மூன்று மினி பிசிகளில் கே3எஸ் (பல மிஷின்களை ஒரே கிளஸ்டராகச் சேர்த்து ஆப்களை ஓட்டும் சின்ன குபர்னெட்டஸ்) ஓடுகிறது. ஒன்று படுத்ததும் இன்வாய்ஸ் ஃபைல்கள் காணாமல் போயின. வெண்டர் பெரிய சர்வர் வாங்கச் சொல்கிறார். வாங்கட்டுமா?”

வேண்டாம். டிஸ்க் கெட்டிருக்காவிட்டால் ஃபைல்கள் படுத்த மிஷினிலேயேதான் இருக்கும். கே3எஸ்ஸுடன் வரும் லோக்கல்-பாத் ஸ்டோரேஜ், எழுதிய மிஷினை விட்டு நகராது.

உங்கள் அளவுக்கு லாங்ஹார்ன் போதும்; ஃபைல்களைப் பல மிஷின்களில் பிரதி எடுத்து வைக்கும் மென்பொருள், இலவசம். எதையும் வழக்கமாக மூன்று பிரதியாக, மிஷினுக்கு ஒன்றாக வைக்கும். ஆகவே 1 டிபி டிஸ்க் மூன்று போட்டாலும் கைக்கு வருவது 1 டிபிதான். ஒவ்வொரு மிஷினிலும் லாங்ஹார்னுக்குத் தேவையான ஓப்பன்-ஐஸ்கசி மென்பொருளை நிறுவி, இதற்கென்று தனி எஸ்எஸ்டி போடுங்கள். ஃபைல்கள் இப்போது இருக்கும் பழைய வால்யூம் தானாக லாங்ஹார்னுக்கு மாறாது. ஆப்பை நிறுத்திவிட்டுப் புதியதில் காப்பி எடுக்க வேண்டும். சரிபார்க்கும்வரை பழைய பிவிசியை (ஆப்புக்கு அந்த வால்யூமை ஒதுக்கும் பதிவு) அழிக்காதீர்கள், ஃபைல்களும் சேர்ந்து போய்விடும்.

இப்போது அந்த சர்வர். அதற்குள் மூன்று விர்ச்சுவல் மிஷின் போட்டு “மூன்று நோடு கிளஸ்டர்” (நோடு என்றால் கிளஸ்டரில் ஒரு மிஷின்) என்று விற்பார்கள். டாஷ்போர்டில் மூன்று பிரதியும் பச்சையாகத் தெரியும். பவர் சப்ளை ஒன்று போனால் மூன்றும் போச்சு! “எந்தப் பிரதி எந்தப் பெட்டியில்?” என்று எழுத்தில் கேளுங்கள். சிறு நிறுவனங்கள் மென்பொருள், கருவி வாங்க அரசு தரும் பிஎஸ்ஜி மானியம் கிடைக்கும், முதலில் கையெழுத்துப் போடுங்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். விண்ணப்பிக்கும் முன் கையெழுத்திட்டால் மானியமே கிடைக்காது. இந்த மானியப் படிவங்களில் செலவாகும் பொறுமையில் பாதி பேக்கப்புக்குச் செலவானால் எனக்கு இவ்வளவு கடிதம் வராது.

டேட்டாபேஸ் மட்டும் விதிவிலக்கு. லாங்ஹார்னில் டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொன்றும் எல்லாப் பிரதியிலும் பதிந்த பிறகே முடிந்ததாகக் கணக்கு. அலுவலக 1 ஜிகாபிட் ஸ்விட்சில் இன்வாய்ஸ் பிடிஎஃப்புக்கு அந்தத் தாமதம் தெரியாது; நொடிக்கு நொடி எழுதும் போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸுக்குத் தெரியும். போஸ்ட்கிரெஸ்ஸுக்குத்தான் தன்னையே இன்னொரு மிஷினுக்குப் பிரதி எடுக்கத் தெரியுமே! லோக்கல் டிஸ்க்கிலேயே விட்டு, அந்த வசதியை இயக்குங்கள். அதையும் லாங்ஹார்னையும் சேர்த்துப் போட்டால் பிரதிக்கே பிரதி எடுத்து டிஸ்க் நிரம்பும். சின்ன டேட்டாபேஸ், நாளுக்குப் பத்து இருபது பதிவு என்றால் கவலையில்லை, லாங்ஹார்னிலேயே இருக்கட்டும்.

மூன்று பிரதி இருந்தாலும் பேக்கப் தனி. ஊழியர் தவறுதலாக அழித்தால் மூன்றிலும் அழியும். வரித்துறையான ஐராஸுக்குக் கணக்குப் பதிவுகள் 5 ஆண்டு வேண்டும். எஸ்3 (கிளவுட் சேமிப்பு) அல்லது என்எஃப்எஸ்ஸுக்கு (நெட்வொர்க்கில் பகிரும் சேமிப்பு) பேக்கப்பைத் தினமும் அனுப்புங்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை, ஒரு மிஷினின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். ஆப் வேறு மிஷினில் எழாமல் தொங்கினால், நோடு படுக்கும்போது அதிலிருந்த ‘பாட்’ (ஆப் ஓடும் கூடு) ஒன்றை நீக்கும் செட்டிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். லாங்ஹார்னில் அது ‘ஒன்றும் செய்யாதே’ என்றுதான் வருகிறது.