இரவு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: கணவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்து இரண்டு வருடமாகிறது. காலையும் இரவும் டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையில் 90ல் இருந்தது, இப்போது 128. அந்த மாத்திரைதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறதாமே? இரவு வேளையை நிறுத்திவிட்டு, தேக்காவில் நெருஞ்சில் வாங்கிக் கஷாயம் வைத்துக் கொடுக்கலாமா? மூட்டுவலிக்கும் அவ்வப்போது மாத்திரை போடுகிறார்.
- வாசகி, ஈசூன்

பதில்: நிறுத்தவே வேண்டாம், சகோதரி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பது டாக்ரோலிமஸ்தான். அது குறைந்தால் உடம்பு அந்தப் புதுக் கல்லீரலையே தாக்கத் தொடங்கிவிடும்.

ஆனால் நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. டாக்ரோலிமஸ், அதே வேலைக்குக் கொடுக்கப்படும் சைக்ளோஸ்போரின் இரண்டுமே சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களைச் சுருக்கக்கூடியவை. ஆரம்பத்திலேயே கவனித்து டாக்டர் அளவைச் சரிசெய்தால் பெரும்பாலும் தேறிவிடும். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் தழும்பு விழும், அது போகாது.

எனக்கு உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரிதான். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் அதே குழாய்களைத்தான் நெருக்கும். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகம் என்ன செய்யும், பாவம்! வலிக்குப் பாராசிட்டமால் எவ்வளவு போடலாம் என்று அவருடைய டாக்டரிடமே கேளுங்கள்.

அப்புறம், பம்ப்ளிமாஸ். சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டார் அன்போடு கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள், அவருக்கு மட்டும் ஒரு சுளைகூட வேண்டாம். டாக்ரோலிமஸை உடைக்கும் நொதியை அந்தப் பழம் முடக்கிவிடுவதால் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும், ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சைத் தொற்று மருந்தும் அப்படித்தான். இருமல், சளி என்று பலதுறை மருந்தகத்துக்குப் போனாலும் மருந்துப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு வந்தாலும் அளவு ஏறலாம். உடனே டாக்டருக்குத் தெரியப்படுத்துங்கள்.

ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. பழக்கதோஷத்தில் கோப்பியோடு விழுங்கிவிட்டுப் போனால் அளவு கூடுதலாகத்தான் காட்டும்.

நெருஞ்சில் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்த நேரத்தில் புதிதாக ஒரு மூலிகையும் உள்ளே போனால், கிரியேட்டினின் எதனால் ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்ரோலிமஸ் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும்கூட ஏற்றும். அவையும் சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும். வீட்டிலேயே அழுத்தம் பார்த்து எழுதி வையுங்கள்.

அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்காமல், மாற்று சிகிச்சைப் பிரிவுக்கு நாளைக்கே போன் செய்யுங்கள். டாக்ரோலிமஸைக் குறைத்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட் போன்ற வேறொரு மருந்தைச் சேர்க்கலாமா என்று அவர்கள் பார்ப்பார்கள். போகும்போது அந்த மூட்டுவலி மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள்.