பவர் பிஐ ரிப்போர்ட்ல வேண்டாத பேஜை தூக்கலாமா?

கேள்வி: சார், வேலைய விட்டுப் போனவர் பவர் பிஐல (டேட்டாவ சார்ட்டா காட்டுற மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர்) பண்ணின ரிப்போர்ட் இப்ப என் தலையில, பாதி பேஜ யாருமே பாக்குறதில்ல, டெலீட் பண்ணா ஃபைல் சைஸும் குறையுமா?

பதில்: சைஸ் பெருசா குறையாதுங்க, ஏன்னா இம்போர்ட் பண்ணின ரிப்போர்ட்ல கனம் பேஜ்ல இல்ல, உள்ள ஏத்தி வச்ச டேபிள்லதான், அதுல தேவையில்லாத நெடுவரிசைய (column) தூக்கினாத்தான் இளைக்கும். டெலீட் பண்றது ஈசி, கீழ பேஜ் டேப்ல ரைட் கிளிக் பண்ணா ஆப்ஷன் வரும். ஆனா ஹைட் பண்ணி வச்ச பேஜ் எல்லாம் குப்பைன்னு நினைச்சுடாதீங்க, சார்ட் மேல மவுஸ் வச்சா குட்டியா ஒரு படம் வருதுல்ல, அந்த டூல்டிப்பும், சார்ட்ல ஒண்ண ரைட் கிளிக் பண்ணி அதோட விவரத்துக்குப் போற டிரில்த்ரூவும் பெரும்பாலும் அப்படி ஒளிச்சு வச்ச பேஜ்தான். தூக்கப் போற பேஜுக்குக் கூட்டிட்டுப் போற பட்டன், புக்மார்க் (சேவ் பண்ணி வச்ச வியூ) இருக்கான்னு பாத்துட்டு, முதல்ல ஒரு காப்பி சேவ் பண்ணிட்டு அப்புறம் கை வைங்க. மேனேஜர் திடீர்னு கேப்பார்னு தோணினா (கேப்பாங்க!) ஹைட் மட்டும் பண்ணுங்க. ஆனா ஹைட் பண்றது பாதுகாப்பு இல்ல, சம்பளக் கணக்கு மாதிரி சமாச்சாரம்னா டேபிளையே எடுத்துடுங்க.