திருத்தம் போட்டீங்களாம்மா?

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு செய்தி இணையதளத்தில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். இதழியல் படித்தவள். ஷிஃப்டுக்குப் பதினைந்து செய்தி போட வேண்டும். நேரில் போய் எடுத்த செய்தி அதில் ஒன்றுகூட இருக்காது. போன மாதம் ஒரு பழைய நடிகர் இறந்துவிட்டதாகப் போட்டோம். அவர் நன்றாகவே இருக்கிறார். இருபது நிமிடத்தில் தூக்கிவிட்டோம். அதற்குள் ட்ராஃபிக் நல்லா வந்திருச்சு என்றார் டீம் லீடர். வருத்தத்தில் சொன்னாரா, சந்தோஷத்தில் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஊருக்குப் போனபோது இதைத் தாத்தாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவருக்கு எண்பது வயது. காலையில் பேப்பர் வரத் தாமதமானால் தெருமுனை வரை போய் நிற்பவர். "திருத்தம் போட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அவர் என்ன கேட்கிறார் என்பதே எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை.

என் கேள்வி இதுதான். அச்சுப் பத்திரிகை இன்னும் எத்தனை வருடம் ஓடும்? என் வயதுக்காரர்கள் யாரும் படிப்பதில்லை. பத்திரிகைகளும் யோக்கியமில்லை, தேர்தல் நேரத்தில் காசு வாங்கிக்கொண்டு செய்தி போட்டவைதானே? நான் இந்த வேலையிலேயே இருப்பதா, ஏதாவது நாளிதழில் சேரப் பார்ப்பதா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிப்பதா?

பெயரை வெளியிட வேண்டாம். வேலை போய்விடும்.

*

அன்புள்ள மகளுக்கு,

எத்தனை வருடம் ஓடும் என்று எனக்குத் தெரியாது. ஜோசியம் பார்ப்பவரிடம் கேளுங்கள். லண்டனில் இண்டிபெண்டன்ட் 2016-இல் அச்சை நிறுத்தியது. வியன்னாவில் 1703-இல் தொடங்கிய வீனர் ஸைடுங் 2023 ஜூன் 30-ஆம் தேதியோடு தினசரி அச்சை முடித்துக்கொண்டது. 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கி, பாரதி உதவி ஆசிரியராக இருந்த சுதேசமித்திரனோ இணையம் நம் ஊருக்கு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. பத்திரிகைகள் சாக இணையம்தான் வேண்டும் என்றில்லை. மணமகள் தேவையும் வாடகை வீடும் பழைய கார் விற்பனையும் போனுக்குள் போன அன்றே கணக்கு உதைக்க ஆரம்பித்துவிட்டது. வாசகர் கொடுத்த காசில் எந்தக் காலத்திலும் பேப்பர் ஓடியதில்லை. இதையெல்லாம் நிறையப் பேர் எழுதியாகிவிட்டது.

காசு வாங்கிப் போட்ட செய்தியைப் பற்றிச் சொன்னதும் உண்மை. 2009 தேர்தலுக்குப் பிறகு பிரஸ் கவுன்சிலே குழு போட்டு விசாரித்தது. அந்தக் குழுவின் முழு அறிக்கையை வெளியிடாமல் சுருக்கித்தான் வெளியிட்டார்கள். தகவல் ஆணையம் சொன்ன பிறகு 2011-இல்தான் முழுசும் வெளியே வந்தது. ஆகவே எங்கள் காலம் பொற்காலம் என்று நான் பாடப்போவதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது உங்கள் கேள்வியே இல்லை. தாத்தாவின் கேள்வி. கொஞ்ச நாளாக நானும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். "சிரித்துக்கொண்டே சொன்னேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்காக அம்மா சிரித்தீர்கள்? அந்த நடிகருக்கு ஒரு தங்கை இருந்திருப்பார், வெளியூரில், போனும் கையுமாக. உங்கள் இருபது நிமிடம் அவருக்கு எவ்வளவு நேரம்?

எனக்கு இதைச் சொல்லத் தகுதி உண்டா என்று கேட்டால், உண்டு. நானும் ஒருவரைச் சாகடித்திருக்கிறேன்.

1991. தென்மாவட்டத்தில் ஒரு நாளிதழின் பதிப்பு அலுவலகம். எனக்கு இருபத்தாறு வயது, உதவி ஆசிரியர். தாலுகா நிருபர்கள் செய்தியை எழுதிப் பழுப்புக் கவரில் போட்டு, சாயங்கால பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். எங்கள் ஆபீஸ் பையன் பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கி வருவான். ஒரு கவரில், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் காலமான செய்தி இருந்தது. ஏழெட்டு வரிதான். தலைப்பு ஒரு பத்திக்குள் அடங்கவில்லை, பெயருக்கு முன்னால் இருந்த இனிஷியலை வெட்டினேன். அதோடு விட்டிருந்தால் பாதிப் பாவம். மேசை அறையில் பழைய படங்களைப் போட்டுவைத்திருந்த பெட்டி உண்டு. அதில் அந்தப் பெயரில், அந்த ஊர், தலைமை ஆசிரியர் என்று பின்னால் பென்சிலில் எழுதிய படம் ஒன்று கிடைத்தது. நல்லாசிரியர் விருது வாங்கியபோது வந்தது. கெட்டிக்காரத்தனமாக அதையும் எடுத்து ஒட்டினேன். ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுக்குப் போகும்போது, யாரோ தெரியாத மனிதருக்கு ஒரு மரியாதை செய்த திருப்தி.

மறுநாள் பதினொரு மணிக்கு அவர் வந்தார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, மஞ்சப்பை. பையிலிருந்து பேப்பரை எடுத்து மேசையில் விரித்தார். எனக்கு முகத்தைப் பார்த்தவுடன் வயிறு கலங்கிவிட்டது. படத்தைக் காட்டிக் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி இருக்குமே, அச்சிட்டு வெளியிடுபவர் இன்னார், அச்சிட்ட இடம் இன்னது, ஆசிரியர் இன்னார் என்று, அதில் விரலை வைத்தார்.

"இவரைப் பார்க்கணும்."

அந்த வரியை அதுவரை நான் படித்ததே இல்லை.

ஆசிரியர் சென்னையில் இருந்தார். எங்கள் செய்தி ஆசிரியர் எழுந்துவந்து, "அவர் சார்பா நான் இருக்கேன் சார், உட்காருங்க" என்று நாற்காலி போட்டார். பெரியவர் உட்கார்ந்து சொன்னார். காலை ஆறரை மணிக்கு மச்சினர் மாலையோடு வந்து கதவைத் தட்டியிருக்கிறார். கதவைத் திறந்ததே இவர்தான். மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் சாமி படத்துக்குப் போட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. அப்புறம் நிறுத்திவிட்டார். கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்கு யாரோ பக்கத்து வீட்டு போனில் தகவல் சொல்லிவிட்டார்கள். அவள் உடனே கிளம்பி பஸ் ஏறிவிட்டாள். "பஸ்ஸுல இருக்கிறவளுக்கு எப்படி சார் சொல்றது?" என்று கேட்டார். செல்போன் இல்லாத காலம். யாரும் பதில் சொல்லவில்லை. அவள் சாயங்காலம் வந்து சேரும்வரை அழுதுகொண்டேதான் வருவாள்.

அவர் போன பிறகு, திருத்தம் எழுதச் சொன்னார் செய்தி ஆசிரியர். எழுதினேன். "இன்னார் காலமானதாக நேற்றைய இதழில் தவறுதலாகச் செய்தி வெளியாகிவிட்டது."

"வெளியாகிவிட்டதா? அதுவா நடந்து போய் மெஷின்ல ஏறிக்கிச்சா?"

அடித்துவிட்டு, "வெளியிடப்பட்டுவிட்டது" என்று எழுதினேன்.

"யாரால?"

மூன்றாவது தடவை, "பெயர் ஒற்றுமையால் ஏற்பட்ட குழப்பத்தில்" என்று ஆரம்பித்தேன். "குழப்பம் உனக்கு. அந்த ஊர்ல ஒரு ஆளுக்கும் குழப்பம் இல்லை." தாளைக் கிழித்துப் போட்டார்.

நாலாவதுதான் போனது. "தவறாக வெளியிட்டோம். வருந்துகிறோம்." அதே பக்கம், அதே இடம், படமும் அதே அளவில். அதோடு விடவில்லை. "செத்தவர் ஒருத்தர் இருக்காரே, அவரை மறந்துட்டியா?" என்றார். மறந்துதான் போயிருந்தேன். நிஜமாகவே இறந்துபோன அந்த இன்னொரு தலைமை ஆசிரியரின் சாவுச் செய்தி வேறொருவர் முகத்தோடு வந்திருக்கிறது. அவர் வீட்டாருக்கும் தனியாக ஒரு வரி போட்டோம். நேரில் போகவும் சொன்னார். போனேன். அந்த வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. காபி கொடுத்தார்கள்.

திருத்தம் வந்த நாள் பெரியவர் மறுபடி வந்தார். இரண்டு பிரதி கேட்டார். சும்மா கொடுத்தோம், வாங்கவில்லை. சில்லறையை எண்ணி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இவ்வளவு நீளமாக எழுதியதற்குக் காரணம் அந்த "வெளியாகிவிட்டது." பள்ளிக்கூடத்தில் தன்வினை பிறவினை, செய்வினை செயப்பாட்டுவினை எல்லாம் படித்தோம், மார்க் வாங்கினோம். அது எதற்கு உதவும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தவறு செய்தவன் ஒளிந்துகொள்ளத் தமிழில் தோதான மறைவிடங்கள் நிறைய உண்டு. நேர்ந்துவிட்டது, நிகழ்ந்துவிட்டது, இடம்பெற்றுவிட்டது, விடுபட்டுவிட்டது. உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு செய்திக்கும் கீழே "கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது: மாலை 4.12" என்று இருக்கும். யார் புதுப்பித்தார்? எதை மாற்றினார்? 4.11-க்கு அங்கே என்ன இருந்தது? காலையில் கைது என்று போட்டது சாயங்காலம் விசாரணை என்று மாறியிருக்கும். காலையில் படித்தவன் பொய்யோடு தூங்கப் போயிருப்பான். அவனுக்கு நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. எங்கள் பேப்பரை அப்படி மாற்ற முடியாது, ஊரெல்லாம் போய்விட்டது, டீக்கடை பெஞ்சில் கிடக்கிறது, வடை மடித்துக் கொடுத்தாயிற்று. திரும்ப வாங்க வழியில்லாததால் ஒரு பயம் இருந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "இனிஷியலை இன்னொரு தடவை பாரு" என்று சொல்லவைத்தது அந்தப் பயம்தான், ஒழுக்கம் என்றெல்லாம் பெரிய பெயர் வேண்டாம். உங்களுக்கு அழிரப்பர் கையிலேயே இருக்கிறது. அழிக்கலாம் என்று தெரிந்தவன் எதற்கு இரண்டாம் தடவை பார்ப்பான்?

அந்த எறும்பு வரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது 1867-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். வாசகன் நலனுக்காக இல்லை. யார் அச்சடிக்கிறான், யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். பிடிக்கவும் செய்தான். 'இந்தியா' வார இதழில் எழுதியது பாரதி. சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த பெயர் எம். சீனிவாசன். 1908-இல் ராஜதுரோக வழக்கு வந்தபோது கைதானவர் சீனிவாசன். பாரதி புதுச்சேரி போய்விட்டார், பின்னாலேயே பத்திரிகையும் போனது. பாரதியைக் குறை சொல்லவில்லை, சிறைக்குப் போயிருந்தால் புதுச்சேரியில் எழுதியதெல்லாம் நமக்குக் கிடைத்திருக்குமா? ஆனாலும் அந்தச் சீனிவாசனை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வரியில் பெயர் கொடுத்தவர் அவர். அந்தப் பழைய சட்டம் போய் 2023-இல் புதியது வந்து, 2024 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சட்டம் போட்டவனின் நோக்கம் எப்படியோ இருக்கட்டும், ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் மஞ்சப்பையோடு வந்து விரல் வைக்க அதில் ஒரு இடம் இருந்தது. உங்கள் நடிகர் எங்கே வந்து விரல் வைப்பார்?

காகிதத்தில்தான் இது முடியும் என்று சொல்லவில்லை. கார்டியன் 1997-இலேயே வாசகர் புகாருக்கென்று தனி ஆசிரியரை நியமித்தது. சென்னையில் தி இந்து 2006-இல் அதைச் செய்தது, நம் நாட்டில் முதலில். நியூயார்க் டைம்ஸ் தளத்தில் கட்டுரைக்கு அடியில் எதைத் தவறாக எழுதினோம், சரியானது எது என்று போடுகிறார்கள். கணினியில் அழிக்கத் தெரிந்தவனுக்கு நாலு வரி சேர்க்கத் தெரியாதா? அதையும் கருவிதான் தடுக்கிறது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

உங்கள் கேள்வியைப் பாதி மறந்தேதான் போய்விட்டேன். நாளிதழில் சேருவதா? சேர்ந்தாலும் அங்கேயும் உங்களை இணையப் பிரிவில்தான் உட்காரவைப்பார்கள். வங்கித் தேர்வுக்குப் படியுங்கள், படித்தால் ஒன்றும் கெட்டுவிடாது. அதற்கிடையில் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த நடிகர் செய்திக்கு ஒரு திருத்தம் எழுதுங்கள், நாலு வரி. "வெளியிட்டோம்" என்று முடியட்டும். டீம் லீடருக்கு மெயிலில் அனுப்புங்கள். போட மாட்டார். பரவாயில்லை. முதல் தடவை எழுதும்போது உங்கள் கை எந்த வினைச்சொல்லுக்குப் போகிறது என்று கவனியுங்கள்.

பெயரைப் போடவில்லை. இருபத்தைந்து வயதுப் பெண்ணின் சம்பளத்தை வைத்து நான் வீரம் காட்டக் கூடாது. தாத்தா எந்த ஊர் என்று எழுதவில்லையே. தெற்குப் பக்கம் என்றால் அவரிடம் கேளுங்கள், 1991-இல் உயிரோடு இருந்த ஒரு தலைமை ஆசிரியரைப் பேப்பரில் சாகடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா என்று. இருந்தால், சாகடித்தவன் நான்தான் என்று சொல்லுங்கள்.

பி.கு.: சென்ற மாதம் இதே பகுதியில், சி.பா. ஆதித்தனார் தினத்தந்தியைச் சென்னையில் தொடங்கியதாக எழுதியிருந்தேன். 1942-இல் அவர் தொடங்கியது மதுரையில். ஒரு வாசகர் எழுதிச் சொன்னார். பதிவில் ஊரை மட்டும் மாற்றிவிட்டுச் சும்மா இருந்தேன். நேற்று பழையதையும் அடித்துக்காட்டிச் சேர்த்திருக்கிறேன். தவறாக எழுதினேன், வருந்துகிறேன்.