அதனால் என்ன?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மண்ணியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆய்வேட்டின் முதல் இயலை மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் நெறியாளர் ஓரத்தில் ‘அதனால் என்ன?’ என்று எழுதித் திருப்பித் தருகிறார். இத்தனைக்கும் எண்பது கட்டுரைகளைப் படித்து மேற்கோள் காட்டியிருக்கிறேன். எளிமையாக எழுது என்கிறார். அப்படி எழுதினால் விஷயம் தெரியாதவள் என்று நினைத்துவிட மாட்டார்களா? இயலை இணைத்திருக்கிறேன். நேரமிருந்தால் பாருங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

படித்தேன். இரண்டு நாள் பிடித்தது. மண்புழுவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது பாதிக் காரணம்தான்.

பள்ளியிலிருந்து முதுகலை வரை நாம் எழுதியதெல்லாம் விடைத்தாள். விடைத்தாளைப் படிப்பவர் விசித்திரமான வாசகர். விடை அவருக்கு முன்பே தெரியும். நமக்குத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் படிக்கிறார். சம்பளம் வாங்குவதால் பாதியில் மூடிவைக்கவும் முடியாது. ஆய்வேட்டில் எல்லாம் தலைகீழ். நீங்கள் எடுத்த அளவீடு உங்களுக்கு மட்டுமே தெரியும். தன் வேலைக்கு இதில் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க வருபவர், கிடைக்காவிட்டால் போய்விடுவார். நீங்கள் இன்னும் விடைத்தாள்தான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த எண்பது மேற்கோள்களும் ‘நான் படித்துவிட்டேன் ஐயா’ என்று கைதூக்கி நிற்கின்றன.

உங்கள் இரண்டாம் பத்தியிலிருந்து ஒரு வாக்கியம்: ‘மண்புழுக்களின் செயல்பாட்டினால் ஏற்படுத்தப்படும் துளைகளின் மூலமாக நீர் ஊடுருவல் அதிகரிப்பு நிகழ்வது பல்வேறு ஆய்வாளர்களால் சுட்டிக்காட்டப்பட்டுள்ளது.’ தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். அதுவரை முன்னால் வந்த அத்தனையையும் வாசகர் தலையில் சுமந்துகொண்டே நடக்கவேண்டும். இங்கே அவ்வளவு தூரம் சுமந்து போனவருக்குக் கிடைப்பது ‘சுட்டிக்காட்டப்பட்டுள்ளது’. மண்புழு செய்த வேலை எங்கே போயிற்று?

இப்படி வைத்துப் பாருங்கள்: ‘மண்புழு மண்ணில் துளையிடுகிறது. அந்தத் துளை வழியே மழைநீர் விரைவாகக் கீழிறங்குகிறது. ஆனால் நிலத்தை உழும்போது துளைகள் சிதைகின்றன. அவை மீண்டும் உருவாக எத்தனை நாளாகும் என்பதே இந்த ஆய்வின் கேள்வி.’ ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதன் கையைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறது. புதிய செய்தி பின்னால் வருகிறது. ‘அதனால் என்ன?’வுக்கு நான்காவது வாக்கியமே பதில். அது என் சரக்கல்ல. உங்கள் நாற்பதாம் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறிக்குள் கிடந்தது.

இன்னொன்று. ஒரே பொருளை ‘மண்ணீரம்’, ‘ஈரப்பதம்’, ‘நீர்ச்செறிவு’ என்று மாற்றி மாற்றிச் சொல்கிறீர்கள். ஒரே சொல் திரும்ப வரக்கூடாது என்று கட்டுரைப் போட்டிக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆய்வில் மூன்று சொல் வந்தால் மூன்று அளவீடு என்றுதான் வாசகர் நினைப்பார். கலைச்சொல்லை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒன்றைப் பிடித்தால் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

எளிமை பற்றிய உங்கள் பயம் எனக்கும் இருந்தது. என் முதல் ஆய்வுக் கட்டுரையை ஒரு மதிப்பீட்டாளர் ‘ஆறாம் பக்கத்தில்தான் தலைப்பு புரிந்தது’ என்று திருப்பி அனுப்பினார். அவருக்குப் படிக்கத் தெரியவில்லை என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எழுதியவனுக்கு அது தெளிவாகத்தானே இருக்கும்! 1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் இதைச் சோதித்துப் பார்த்தார் (அதுவும் முனைவர் பட்ட ஆய்வுதான்). பிரபலமான பாடல்களின் தாளத்தைச் சிலர் மேசையில் தட்டவேண்டும், எதிரிலிருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்கவேண்டும். பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாடல்களில் 3தான் பிடிபட்டன. தட்டுபவரின் மண்டைக்குள் மெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரிலிருப்பவருக்குக் கேட்பது வெறும் டொக் டொக்.

ஆகவே இயலை வேறு துறை நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள், ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்வார். முதல் இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு, நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும்போது குறுக்கே புகுந்து விளக்காதீர்கள். அது ரொம்பக் கஷ்டம். அப்போது உங்கள் நாக்கு நுனிக்கு வரும் வாக்கியம் எதுவோ, அதுதான் இயலில் விடுபட்டது.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி நன்னூல் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தைச் சொல்கிறார். அவற்றில் ‘மற்றொன்று விரித்தல்’ உங்கள் பன்னிரண்டு பக்க உலக மண்ணியல் வரலாற்றுக்குப் பொருந்தும். அதை அப்படியே எடுத்துவிடலாம், யாரும் தேடமாட்டார்கள். ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்றும் ஒன்று உண்டு. அதை உங்கள் இயலின் முடிவுரையைப் பற்றிப் பேசும்போது எடுத்துக்கொள்வோம். முதலில் அந்த நாற்பதாம் பக்கத்து அடைப்புக்குறியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். முடிவுரையில் இப்போதைக்கு மண்புழுவே இல்லை.